பொது வளவு

யாருக்கும் சொந்தமில்லாத இடத்தில்தான்
முதலில் விடவேண்டும் என்றார் டாக்டர் ரெஜினா.
மோந்து பார்த்து 'இது என் இடம்' என்று
ஒரு முயல் முடிவுகட்டிவிட்டால்
அப்புறம் கடிதான், ரத்தம்தான்.

பள்ளத்தூரில் எங்கள் வீட்டில்
அப்படி ஓர் இடம் தேட
அதிக நேரம் ஆகவில்லை.
வளவு.
தேவகோட்டைக் கோர்ட்டில்
ஏழு வருஷமாக அது யாருடையதும் இல்லை.

என் முயல் பெயர் சீயம்.
வெள்ளை. காதோரம் மட்டும்
எண்ணெயில் கொஞ்சம் அதிகம் நின்ற சிவப்பு.
சித்திரை வெயிலில் ஜோடி போனபிறகு
சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருந்தது.
மல்லித்தழையை நீட்டினால்
கடன்காரனைக் கண்டதுபோல் திரும்பிக்கொள்ளும்.

தகரத் தடுப்புக்கு அந்தப் பக்கம்
பெரியப்பச்சி மகன் சாத்தப்பனிடம் ஒன்று உண்டு.
கறுப்பு உடம்பு, கழுத்தில் வெள்ளைப் பட்டை.
வக்கீல் என்று பெயர்.
என்னைச் சீண்டத்தான் வைத்தான் என்று
ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

இரண்டு பேருக்கும் ரெஜினாதான் டாக்டர்.
அவர் வழியாகத்தான் பேச்சு நடந்தது.
மதுரைக்குக் கொண்டுபோய்
வக்கீலுக்குக் குடும்பக் கட்டுப்பாடு செய்து வந்தார்கள்.
ஆறு வாரம் பொறுக்க வேண்டுமாம்.
அதுவரை துண்டு மாற்றிக்கொண்டோம்.
ராத்திரி சீயத்தின் துண்டைத் தகரத்தின்மேல் போடுவேன்;
விடிந்தால் அங்கே வக்கீலின் துண்டு.
சீயம் மோந்தபிறகு நானும் ஒருமுறை மோந்தேன்:
முயல் வாடை, சாம்பிராணி, கோடாலித் தைலம்.
சாத்தப்பனுக்கும் முழங்கால் போல.

முதல் நாள்
ஆத்தங்குடிக் கல்லில் இரண்டுக்கும் கால் நிற்கவில்லை.
நாலு பக்கமும் வழுக்கி
வயிறு தரையில் படக் கிடந்தன.
சணல் சாக்கை விரித்தோம்,
அவன் ஒரு முனை, நான் ஒரு முனை,
சத்தம் போடாமல்.
கால் ஊன்றியதும் சண்டை.
வட்டமடித்துத் துரத்தி
வக்கீல் வாயில் ஒரு கொத்து வெள்ளை முடி.
அவன் தலையணையோடு பாய்ந்தான்,
நான் துடைப்பத்தோடு.
பார்க்கிறவர்களுக்கு நாங்கள்தான் அடித்துக்கொள்வதுபோல் இருந்திருக்கும்.

தினம் பத்து நிமிஷம்.
பிறகு கால் மணி.

பதினோராம் நாள் கடிக்கவில்லை.
'என் தலையை நக்கு' என்று ஒன்று தாழ்த்தியது.
'முதலில் நீ' என்று மற்றதும் தாழ்த்தியது.
நெற்றியோடு நெற்றி,
சாக்கோடு தாடை,
அசையவில்லை.
எனக்குத் தெரிந்த உட்காரல்தான்.
எத்தனை கல்யாணப் பந்தியில்
அடுத்தடுத்த இலையில்
நாங்கள் இப்படிச் சாப்பிட்டு எழுந்திருக்கிறோம்.

அவன் வீட்டுக் குக்கர் விசிலடித்தது.
துள்ளி விழுந்தன இரண்டும், ஒன்றன்மேல் ஒன்று.
திரும்பிப் பார்க்கையில்
நக்கல் தொடங்கிவிட்டிருந்தது.

"சீயந்தான் முதல்ல" என்றான் சாத்தப்பன்.
"இல்லை, வக்கீல்."
"நீ அடுப்படியைப் பார்த்துக்கிட்டிருந்தே."
"நீ போனைப் பார்த்துக்கிட்டிருந்தே."

ஏழு வருஷத்துக்குப் பிறகு பேச்சு.
அதுவும் தகராறு.

இனிப் பிரிக்கக் கூடாதாம்.
பிரித்தால் மறுபடி முதலிலிருந்து.
எந்தப் பக்கம் வைப்பது?
டேப் கொண்டுவந்து வளவை அளந்தான்.
மறு முனையை நான் பிடித்துக்கொண்டேன்.
கூண்டு சரிபாதியில் நிற்கிறது.
பதினாலாம் தேதி வாய்தா.
அறுந்த ஊஞ்சல் சங்கிலிவரை ஏறியிருக்கிற
சொத்துப் பட்டியலில்
இவை இல்லை.

மல்லித்தழை மட்டும் முறை வைத்து வாங்குகிறோம்,
ஒருநாள் நான், ஒருநாள் அவன்.
நேற்று என் முறை.
வாங்கி வந்து பார்த்தால்
ஏற்கெனவே ஒரு கட்டு கிடக்கிறது கூண்டில்.
வக்கீல் முதுகில் தாடையை வைத்துச்
சீயம் தூங்குகிறது.

என் கட்டை ஈரத்துணியில் சுற்றி வைத்திருக்கிறேன்.
இன்று அவன் முறை.
கடைக்குப் போகவேண்டாம் என்று
அவனிடம் யார் சொல்வது,
என்ன சொல்லிக் கூப்பிட்டு?